நவமிக்கு அடுத்த நாள்

நல்லரத்தினத்துக்குக் கல்லடியில் தகரக் கூரை போட்ட சிறிய கடை. மனைவி அன்னப்பூரணி ஒரு மத்தியானம் அங்கே தனியே இருந்தபோது, மேசையில் தலை சாய்த்தபடியே இறந்துபோனார். கடைக் கமராவில் பதிந்திருந்த நேரத்தை வைத்துத்தான் ஐயர் திதி சொன்னார். நவமி முடியப் பத்து நிமிடம் இருந்ததாம். போன வருடமும் இந்த வருடமும் நல்லரத்தினம் நவமியன்றே படைத்தார்.

இம்முறை படைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்தவர், கமரா மங்கலாகத் தெரிவதால் மருமகன் லக்ஷனை அழைத்துக் காட்டினார்.

"மாமா, உங்கட கமராப் பெட்டி இன்னும் மத்தியானச் சோறு தின்னல்ல. முக்கால் மணித்தியாலம் பிந்தி நிக்குது," என்று சிரித்தான் லக்ஷன். "தகரத்துக்குக் கீழ வச்சு அவிச்சா அப்படித்தான். சூட்டுக்கு உள்ளுக்க இருக்கிற மணிக்கூடு மெதுவா ஓடும். இன்டர்நெட்டும் இல்ல, ஆரு திருத்துற?"

"மாமி போன அண்டைக்கும் பிந்தித்தான் நிண்டதோ?"

லக்ஷனின் சிரிப்பு நின்றது. "கமரா பூட்டி அப்ப ஒரு வருஷம் ஆகியிருந்ததே மாமா. கால் மணித்தியாலம் பிந்தியிருக்கும்."

அப்படியென்றால் தசமி. போன வருடம் தசமியன்று அவர் வீட்டைப் பூட்டிவிட்டுக் களுதாவளைக்குக் கலியாணச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். உயிரோடு இருந்தவரை, அவர் வந்து உட்காராமல் அன்னப்பூரணி ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

மறுநாள் கடை திறக்கவில்லை. நல்லரத்தினம் தானே சமைத்து, மறுபடி இலை போட்டுப் படைத்தார். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, பொழுதுபடும்வரை ஒன்றும் சாப்பிடாமல் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.