சேகர் அண்ணன் கேட்காத ஆதாரம்

தைப்பூசத்தில் தேங்காய் உடைப்பவர்களிடம் போய் "ஆதாரம் என்ன?" என்று கேட்பாரே நம் சேகர் அண்ணன், அவரை இன்று காலை ஆஸ்பத்திரியில் பார்த்தேன்.

சர்க்கரையால் கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. போன வாரம் விரலை மட்டும் எடுக்கலாம் என்ற டாக்டர், இன்று முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று ஸ்கேனைக் காட்டினார்.

"எல்லாம் மருந்து கம்பெனிக்காரன் வேலை லா தம்பி. வாட்ஸ்அப்ல ஒருத்தருக்கு இலைச்சாறு குடிச்சே ஆறிடுச்சாம்."

"அதுக்கு ஆதாரம் என்னண்ணே?"

இருபது வருடமாக அவரோடு சேர்ந்து சாமி இல்லை என்று பேசியவன் நான். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறை முழுக்கப் புண்ணின் வாடை.

அண்ணன் மனைவியான அக்கா, நெற்றி நிறையத் திருநீறோடு, ஆபரேஷன் சம்மதத் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"முருகன் காப்பாத்துவான்னு நான் நம்புறேன். ஆனா அந்தப் படத்துல இருக்கிறது எனக்கே தெரியுதுங்க. கையெழுத்து போடுங்க."

அண்ணன் போடவில்லை. மத்தியானம் காய்ச்சல் ஏறி நினைவு தப்பிய பிறகு அக்காதான் போட்டார். இப்போது உள்ளே அவர் காலை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கிளினிக்கில் எனக்கு எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு மூன்று மாதமாக என் பையில் மடித்தபடியே கிடக்கிறது. எனக்கு ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன்.

ஆதாரம் எல்லாம் கேட்காதீர்கள், தோழர்களே. உங்கள் சீட்டு எங்கே கிடக்கிறது, அதைச் சொல்லுங்கள்.