மூடிய ஐடி திறந்த பக்கம்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயந்து அல்ல, சலித்து. இந்த ஐம்பது வயதுவரை நான் நம்பியது பட்டியல்களைத்தான்: யார், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். பட்டியல் பொய் சொல்லாது என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன். அந்தப் பட்டியலுக்குள்ளேதான் இது நடந்தது. இருட்டு இல்லை, மழை இல்லை, நாய் ஊளையிடவில்லை. மத்தியானம், ஏசி ஓடிக்கொண்டிருந்த அறை, மேஜையில் பாதி தின்ற தயிர் சாதம். நீங்கள் நம்ப மாட்டீர்கள், தெரியும். கடைசிவரை கேளுங்கள், அது போதும்.

ஒரகடத்தில் கார்களுக்கு இரும்பு பாகங்கள் அடித்துக் கொடுக்கிற ஒரு தொழிற்சாலை. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் முழங்காலோடு முழங்கால் இடிபட்டு, தூக்கம் தெளியாத தென்மாவட்டத்துப் பையன்களின் தோளில் சாய்ந்தபடி தினமும் அங்கே போகிறேன். என் வேலை காகிதம். இப்போது காகிதம்கூட இல்லை, மென்பொருள். ஒவ்வொரு மிஷினையும் எப்படி ஓட்டுவது என்று ஒரு வேலைக் குறிப்பு இருக்கும், படிப்படியாக, படத்தோடு. அதை எழுதி, மென்பொருளில் ஏற்றி, பழையதை எடுத்து, புதியதைப் போடுவது நான். மிஷினுக்கு மிஷின் ஒரு டேப்லெட் தொங்கும், டேப் என்போம். ஷிஃப்ட் தொடங்கும்போது ஆபரேட்டர் தன் ஐடியைப் போட்டு, தன் மிஷினின் பக்கத்தைத் திறந்து, கடைசிவரை படித்து, ‘படித்துவிட்டேன்’ என்ற பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் மிஷின் அவர் பொறுப்பு.

படிக்கிறார்களா? எங்கே. முதலில் வருகிறவர் எல்லோருடைய ஐடியையும் போட்டு வரிசையாகப் பச்சையைத் தட்டிவிடுவார். கோவிலுக்கு ஒருவர் போய் வந்து மற்ற எல்லோர் நெற்றியிலும் விபூதி பூசுவது மாதிரி. ஆள் கழிவறையில் இருப்பார், கேட்டில் இருப்பார், சில சமயம் பஸ்ஸிலேயே இருப்பார், அவர் படித்தாயிற்று. எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மென்பொருளுக்குள்ளேயே இருக்கிற பயன்பாட்டு அறிக்கையை மாதம் ஒருமுறை இறக்கிப் பார்ப்பேன்: நான்கு விநாடி, மூன்று விநாடி, நான்கு விநாடி. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் விநாடியைப் பார்ப்பதில்லை, பச்சையைத்தான் பார்ப்பார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அது என் முதல் குற்றம்.

போன வருடம் எல்லா வேலைக் குறிப்புகளையும் புதிய வடிவத்துக்கு மாற்றினேன். பழையவை மென்பொருளிலேயே ‘பழைய பதிப்புகள்’ என்ற கோப்புறைக்குள் போயின. சில மாதம் கழித்து மேலிருந்து உத்தரவு வந்தது: யாரும் திறக்காத பழைய பக்கங்களை வெள்ளிக்கிழமைக்குள் அழித்துவிடவும், யாராவது திறந்திருந்தால் அந்த ஆளிடம் கேட்டுவிட்டு அழிக்கவும். அறிக்கையை இறக்கினேன். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், எல்லாவற்றுக்கும் நேராகப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஒன்றே ஒன்று அப்படி இல்லை.

நான்காம் பிரஸ்ஸின், அதாவது தகட்டை அச்சுக்குள் வைத்து அழுத்துகிற நான்காவது மிஷினின், பழைய வேலைக் குறிப்பு. தினமும் ஒரு மணி பத்து. தினமும் பதினேழு நிமிடம். ஒரே ஐடி. இசக்கிமுத்து.

இசக்கிமுத்துவை எனக்குத் தெரியும். விளாத்திகுளம் பக்கத்துப் பையன், பிள்ளைப்பாக்கத்தில் ஐந்து பேரோடு ஒரே அறையில் இருந்தவன். எங்கள் தொழிற்சாலையில் வேலைக் குறிப்பை உண்மையிலேயே படித்த ஒரே ஆள். உதடு அசையப் படிப்பான், மற்றவர்கள் ‘பரீட்சை இருக்குடா அவனுக்கு’ என்று கேலி செய்வார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டான். போன அன்றே ஐடி மூடப்பட்டது. மூடிய ஐடியால் உள்ளே வர முடியாது. நானே போட்டுப் பார்த்தேன், சிவப்பு எழுத்தில் மறுத்தது. மென்பொருள்காரர்களிடம் கேட்டேன். ‘வர வாய்ப்பே இல்லை சார்’ என்றார்கள். வந்திருக்கிறதே என்றேன். ‘வாய்ப்பே இல்லை சார்’ என்றே மறுபடியும் சொன்னார்கள்.

எந்த டேப்பிலிருந்து என்று அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு. பார்த்தேன். நான்காம் பிரஸ்ஸின் டேப்.

எழுந்து போனேன். அங்கே இப்போது மகேஸ்வரி. வடக்குப்பட்டு, இரண்டு பிள்ளைகள், வாய் ஓயாது, கையும் ஓயாது. டேப்பைக் கேட்டதும் சிரித்தாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர, கருப்பாய்த் தொங்கியது அது.

“இன்னா சார் நீங்க, இது செத்து ரெண்டு மாசம் ஆவுது. பேட்டரி ஊதி முதுவு வீங்கிகீது பாருங்க, கொயந்த வயித்துல கீற மாதிரி. நாங்க பக்கத்து மிஷின் டேப்லதான் பச்ச தட்றோம்.”

“ஒரு மணிக்கு இதை யாராவது தொடுறாங்களா?”

“ஒரு மணிக்கு நான்தான் சார் இங்க நிக்கிறேன். நானே தொட்றதில்ல. இன்னாத்துக்கு கேக்கறீங்க, பேய் வந்து படிச்சிட்டு போவுதா?”

நானும் சிரித்தேன். மறுநாள் ஒரு மணிக்கு அங்கே போய் டேப்புக்கு எதிரே நின்றேன். பத்து ஆனது, இருபத்தேழு ஆனது. கருப்புத் திரையில் என் முகம் மட்டும், சந்தனப் பொட்டுக்குக் கீழே. அறைக்குத் திரும்பி அறிக்கையைத் திறந்தேன். இசக்கிமுத்து, ஒன்று பத்து, பதினேழு நிமிடம். தயிர் சாதத்தை மூடி வைத்தேன்.

விட்டிருக்கலாம். பட்டியலில் பிழை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பக்கத்தை அழித்திருக்கலாம், வெள்ளிக்கு ஒரு நாள்தான் இருந்தது. ஆனால் உத்தரவு என்ன சொன்னது? திறந்த ஆளிடம் கேள். சரி, கேட்பேன். அவன் எங்கே இருந்தாலும் கேட்பேன். அவனுடைய பழைய விண்ணப்பத்தில் அக்காவின் எண் இருந்தது. செத்துப்போயிருப்பான் என்றுதான் நீங்கள் நினைக்கிறீர்கள், நானும் அப்படித்தான் நினைத்து, அந்த அக்காவிடம் எப்படிக் கேட்பது என்று வார்த்தையை நாக்கில் உருட்டிக்கொண்டே டயல் செய்தேன். வியாழக்கிழமை, பன்னிரண்டே முக்கால். எடுத்தவன் அவனே.

“அண்ணாச்சியா! நல்லாருக்கீகளா? ஆடு மேய்க்கேன் அண்ணாச்சி, நம்ம ஷிஃப்ட்டு இப்ப ஆட்டோட ஷிஃப்ட்டு.”

எதைக் கேட்பது? நம் மென்பொருளைத் திறக்கிறாயா என்றேன். சாதா போன் அண்ணாச்சி, நெட்டே கிடையாது என்றான். ஆட்டு மணி கேட்டது.

“ஒண்ணு சொன்னா சிரிக்கக்கூடாது. மத்தியானம் சாப்பிட்டு வேம்படியில சாஞ்சா தெனமும் அந்தக் கனவுதான். நாலாம் பிரஸ்ஸு முன்னால நின்னு குறிப்பு வாசிக்கேன். ஆறாவது வரி வரைக்கும் நல்லா வாசிக்கேன். ஏழாவதுக்கு வந்தா அங்கன எழுத்தே இல்ல. வெள்ளையா கெடக்கு. அதுக்கு அங்கிட்டு ஒரு கை தெரியும். மருதாணி போட்ட பொம்பளக் கை. கத்தி முழிச்சிருதேன். வேர்த்துக் கொட்டும். ஒங்ககிட்டச் சொல்லணும்னு நெனப்பேன், சிரிப்பீகளேன்னு விட்டுட்டேன்.”

இரண்டு பக்கங்களையும் திரையில் அருகருகே வைத்தேன். பழையது, ஏழு படி. புதியது, ஆறு படி. பழையதில் ஏழாவது வரி பக்கம் முடிந்து அடுத்த பக்கத்தின் தலையில் தனியாக நின்றது: ‘சிக்கிய துண்டை எடுக்கக் கையை உள்ளே விடும் முன், சிவப்புக் கட்டையை மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே நிறுத்தவும்.’ புதிய வடிவத்துக்கு மாற்றியபோது அடுத்த பக்கத்தைப் புரட்ட மறந்தவன் நான். என் கையால் விழுந்த வரி. அதன்மேல் தினம் தினம் பச்சைகள், நான்கு விநாடி, மூன்று விநாடி, ஒருவரும் ஏழாவது எங்கே என்று கேட்கவில்லை. பழைய ஆட்களுக்குக் கட்டை வைப்பது பழக்கத்திலேயே இருந்தது. மகேஸ்வரிக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அவள் கையைப் பார்த்திருந்தேனா? முந்தாநாள் டேப்பைத் திருப்பிக் காட்டியபோது கையுறையைக் கழற்றியிருந்தாள். தங்கச்சி மகளின் சடங்குக்கு வைத்த மருதாணி, விரல் நுனியெல்லாம் சிவப்பு.

ஓடினேன். இந்த வயதில், இந்த வயிற்றோடு, தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடினேன். லைன் சூப்பர்வைசர் தாமோதரன் குறுக்கே வந்தார்.

“சார், சார், இன்னா ஆச்சு, எங்க ஓட்றீங்க?”

“நாலாம் பிரஸ்ஸை நிறுத்துங்க. குறிப்பு தப்பு. நான் அதை வாபஸ் வாங்குறேன். குறிப்பு இல்லாம மிஷின் ஓடக்கூடாது.”

“வெளிய லாரி நிக்குது சார். நீங்க மேல போயி மெயில் போடுங்க, சாயங்காலம் பார்ப்போம். உங்க பேப்பர் நின்னா என் மிஷின் நிக்காது.”

அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். மகேஸ்வரி குனிந்து, சிக்கிய ஒரு துண்டை எடுக்க வலது கையை நீட்டிக்கொண்டிருந்தாள். தாமோதரனைத் தள்ளினேன். ஆமாம், தள்ளினேன், பிறகு வந்த மெமோவில் அதுவும் ஒரு வரி. மிஷினை நிறுத்துகிற சிவப்பு பட்டனை உள்ளங்கையால் அடித்து, அவள் சட்டையின் பின்புறத்தைப் பிடித்து இழுத்தேன்.

“யோவ் இன்னா சார்!” என்று கத்தினாள். “பொம்பளய இப்டியா இழுப்பாங்க?”

லைன் முழுதும் திரும்பிப் பார்த்தது. மிஷின் நின்றது. மேல் அச்சு மேலேயே நின்றது, அசையாமல், என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. தாமோதரன் வாட்சைப் பார்த்தார். என்ன சொல்வது? ஆடு மேய்க்கிறவன் கனவில் கண்டான் என்றா? “கட்டை வைக்காம யாரும் கையை உள்ள விடக் கூடாது. தப்பு என்னோடது, எழுதிக் கொடுக்கிறேன். கட்டையைக் கொண்டு வாங்க” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கட்டை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால், ஸ்டோர் ரூம் கதவு சாத்தாமலிருக்க அதை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கொண்டுவந்து வைத்தோம். எல்லோரும் நின்றோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மணி ஒன்று இருபதைத் தாண்டியது, தாமோதரன் போதும் சார் என்று வாயெடுத்தார்.

யாரும் எதையும் தொடவில்லை. மேல் அச்சு மெல்ல, பழுத்த பழம் கிளையை விடுவது போல, சத்தமே இல்லாமல் இறங்கி வந்து கட்டைமேல் உட்கார்ந்தது. ‘டொக்.’ அவ்வளவுதான் சத்தம். உள்ளே எண்ணெயைத் தடுக்கிற வால்வு எப்போதோ தேய்ந்திருக்கிறது என்று பிறகு மெக்கானிக்குகள் சொன்னார்கள். மகேஸ்வரி கையுறையைக் கழற்றினாள். தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

மெமோ வந்தது. அந்த வருட சம்பள உயர்வு போனது. பரவாயில்லை. ஏழாவது வரியைப் பெரிய எழுத்தில் போட்டேன். பக்கத்தின் கடைசியில் ஒரு கேள்வியை வைத்து, பதில் எழுதினால்தான் பச்சை வரும்படி செய்தேன். லைனில் என்னைத் திட்டாத ஆள் இல்லை. திட்டட்டும். பழைய பக்கத்தை வெள்ளிக்கிழமை அழித்தேன். இசக்கிமுத்துவின் ஐடி அதற்குப் பிறகு அறிக்கையில் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். கனவே இல்லை அண்ணாச்சி, கட்டை மாதிரி தூங்குதேன் என்றான்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன்.

போன மாத அறிக்கையில் வேறொரு வரி வந்தது. வெல்டிங் ரோபோ நிற்கிற கம்பிக்கூண்டின் வேலைக் குறிப்பு. தினமும் பதினொன்று நாற்பது, இருபத்திரண்டு நிமிடம். ஐடி என்னுடையது, எந்த டேப் என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த நேரத்தில் நான் கூட்டத்தில் இருப்பேன், சாட்சிக்கு ஆறு பேர் உண்டு. கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை பூட்டிக் கிடந்தது, நான் தாம்பரத்தில் பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தேன். அன்றும் இருபத்திரண்டு நிமிடம். இசக்கிமுத்துவுக்காவது கனவு வந்தது. எனக்குக் கனவும் வருவதில்லை.

அந்தக் குறிப்பைப் பழையதன் காகிதப் பிரதியோடு வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன். ஒருமுறை இல்லை, பதினோரு முறை. கூண்டை ஓட்டுகிறவரை உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். ஒரு வரி விழவில்லை, ஒரு சொல் விழவில்லை. கூண்டின் கதவு, பூட்டு, சென்சார், எல்லாவற்றையும் பார்க்க வைத்தேன். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஆனாலும் தினமும் என் பெயரில் யாரோ அதை இருபத்திரண்டு நிமிடம் படிக்கிறார்கள், எங்கோ ஒரு வரியில் நின்றுவிடுகிறார்கள் போல.

அதனால் இப்போதெல்லாம் கூட்டத்தில் பாதியில் எழுந்துவிடுகிறேன். பதினொன்று முப்பத்தைந்துக்குக் கூண்டின் அருகே போய், சிவப்பு பட்டனுக்குக் கை எட்டுகிற தூரத்தில் நிற்கிறேன். பன்னிரண்டு மணி இரண்டு நிமிடம் வரை கண்ணை எடுப்பதில்லை. நேற்றும் நின்றேன், நாளையும் நிற்பேன். நான் அங்கே நின்றுகொண்டிருக்கிற அதே இருபத்திரண்டு நிமிடமும் நான் வேறெங்கோ உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்கிறது அறிக்கை.