மன்னார் லைன்

ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு நாள் முழுக்க போனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களே, ஆப்பரேட்டராக இருந்த நானும் மறுமுனையில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். எண்பதுகளின் நடுவில், நெய்வேலி டவுன்ஷிப் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்.

மூன்று வாரம்

ரெஜினா, மைன்ஸ் வெல்டர் ஒருவரின் மனைவி; ராமேஸ்வரத்துக்காரர். தங்கை செல்வியை அக்கரையில், இலங்கையின் மன்னார் பக்கத்து மீனவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஊரில் சர்ச் சாமியார் வீட்டில் மட்டும்தான் போன். மாதம் ஒரு தரம் எங்கள் கவுண்டருக்கு வந்து அந்த நம்பரைக் கேட்பார். லைன் அறுந்துவிடாமல் இருக்கிறதா என்று நான் கவனித்தாக வேண்டும். அதனால் பேச்செல்லாம் காதில் விழும்.

"இன்னைக்கு என்ன மீனு?" என்றுதான் ரெஜினா ஆரம்பிப்பார். அன்று செல்வி, "பருப்பு" என்றாள். படகு இறக்கக் கடற்படை தடை போட்டுவிட்டது, இறக்கினால் சுடுகிறார்கள். பூத்தை விட்டு வெளியே வந்த ரெஜினாவின் முகம் வெளுத்திருந்தது.

"மீன்காரன் வீட்டுல மூணு வாரமா பருப்பு மேடம். அடுத்து அதுவும் இருக்காது."

எதற்குப் பயப்பட

அடுத்த காலில் செல்வி மளமளவென்று பேசினாள். மண்ணெண்ணெய் இல்லை, மாவு இல்லை. சிலர் ரகசியமாகப் படகேறி ராமேஸ்வரம் போகிறார்கள். தானும் பிள்ளைகளோடு வரவா? "வேணாம்டி, கடல்ல சுடுவான்!" என்று ரெஜினா கத்தினார். ஒரு காலுக்கு உரிய மூன்று நிமிடம் முடிந்தும் நான் லைனை வெட்டவில்லை.

"கரையில பசி, கடல்ல வெடி. எதுக்கு முதல்ல பயப்படுறதெண்டு நீயே சொல்லு அக்கா."

பதினொரு நாள்

பிறகு மன்னார் லைனே செத்துவிட்டது. ரெஜினா தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தினமும் கொழும்பு ஆப்பரேட்டர் எனக்குச் சொன்ன 'மன்னாரிலிருந்து பதில் இல்லை' என்ற ஒரே வரியை அவரிடம் சொல்ல எனக்குப் பயம். சூப்பர்வைசர் தனியே கூப்பிட்டார்.

"லைன் இல்லைன்னு மட்டும் சொல்லும்மா. பதில் இல்லைன்னு சொல்லிடாத, அங்க ஆளே இல்லைன்னு நினைச்சுடுவாங்க."

ராமேஸ்வரத்திலிருந்து

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் ராமேஸ்வரத்திலிருந்து ரெஜினாவைக் கேட்டு ஒரு கால். குவார்ட்டர்ஸுக்கு ஆள் அனுப்பினேன், செருப்பில்லாமல் ஓடிவந்தார். செல்விதான். இரண்டு பிள்ளைகளும் பத்திரம். கடற்படைக் கப்பல் கண்ணில் பட்டதும் இன்ஜினை நிறுத்தி, பிள்ளைகள் வாயைப் பொத்தியபடி மிதந்திருக்கிறார்கள்.

"மாப்பிள்ளை எங்கடி?"

"பொம்பளையளுக்கும் பிள்ளையளுக்கும்தான் இடம் எண்டவங்கள். படகைத் தள்ளிவிட்டிட்டு அவர் கரைக்கு ஏறிட்டார்."

ரெஜினா ரிசீவரை வைத்தார். அழவில்லை.

"மேடம், மன்னாருக்கு ஒரு கால் புக் பண்ணுங்க."

பண்ணினேன்; செத்த லைனுக்குக் கால் பதியக் கூடாதென்று எங்கள் ரூல் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.