நீர்நாய்க்கு வேர் கிடையாது

இன்டர்மீடியட் செய்முறைத் தேர்வில் நீர்நாயைப் பாசி என்று எழுதிய புண்ணியவதி நான்தான். ஐம்பதுகளில், பெங்களூரில்.

மேசைதோறும் நம்பர் சீட்டோடு ஓர் உயிரின மாதிரி இருக்கும்; அது என்னவென்று எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். ஏழாவதில் பஞ்சடைத்த ஆற்று நீர்நாய் ஒன்று பலகைமேல் நின்றது. அழகுக்காக அதன் காலடியில் யாரோ பச்சைப் பாசி பரப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றுச் சுவரில் தினமும் பார்க்கிற அதே ஃபுனேரியா பாசி! எனக்குத் தலைகால் புரியவில்லை. “வேர் கிடையாது, உடம்பு முழுவதாலும் நீரை உறிஞ்சும்” என்று எழுதித் தள்ளினேன்.

தேறாவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

எல்லாரும் போன பிறகு தேர்வாளர் என்னை மட்டும் நிறுத்தினார். தாளைப் படித்துவிட்டு, “நீர்நாய்க்கு வேர் இல்லையா?” என்று கன்னடத்தில் கேட்டார்.

மாதிரிகளை அடுக்கிய அட்டெண்டர், கண்டோன்மெண்ட் பக்கத்துத் தமிழர், முன்னால் வந்தார்.

“தப்பு என்னுது சார். நம்பர் சீட்டை நான்தான் பாசில சொருகிட்டேன். தோல்ல குத்தினா கிழிஞ்சிடும்னு.”

சீட்டு பாசியில்தான் நின்றது. தேர்வாளர் அவரை வறுத்தெடுத்தார், சின்னப் பெண்ணான என் எதிரிலேயே. பிறகு என்னிடம், “சரி, இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்” என்றார்.

சொன்னேன். நீர்நாய் ஆற்றிலேயே கிடந்தாலும் அதன் அடிமயிர் காற்றைப் பிடித்துவைத்துத் தோலை நனையாமல் காக்கும். பாசியோ மேலே விழுகிற துளியையெல்லாம் குடித்துவிடும். ஆறு வற்றினால் நீர்நாய் வேறு இடம் போகும். பாசியால் போக முடியாது. காய்ந்து சுருண்டு கிடந்து, மழை வந்ததும் மறுபடி பச்சையாகும். இரண்டுக்குமே நீர் இல்லாமல் பிழைப்பில்லை.

“போ, பாஸ்” என்றார்.

மறுநாள் அட்டெண்டரைத் தேடிப் போனேன். “என்னாலதானே திட்டு வாங்கினீங்க அண்ணே. கழுத்துல கட்டியிருக்கலாமே சீட்டை?”

“கழுத்துலதாம்மா கட்டியிருந்தேன்” என்றார். “அவரு உங்க பேப்பரைப் படிக்கறப்போ அவுத்துக் கீழ சொருகினேன்.”

இத்தனை வருஷம் கழித்தும் அவரை நினைத்தால் என் கை தானாகக் குவிகிறது. அன்று ஏன் என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

“நீங்க மூச்சு விடாம எழுதிட்டிருந்தீங்க. ஒண்ணும் தெரியாத பொண்ணு அப்படி எழுதாதும்மா.”