தேங்காய் இல்லாத கோழிக்கறி

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டால் நிற்காது. ஜெபத்துக்கு நடுவில் சிரித்து அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்காத ஞாயிற்றுக்கிழமை குறைவு. முப்பத்தாறாம் வருஷம் என் அண்ணன் அபிசீனியாவிலிருந்து பெண்டாட்டியோடு வந்து வில்வண்டியில் இறங்கிய அன்றைக்கும் முதலில் சிரித்துத் தொலைத்தது நான்தான். வாசலில் அம்மா தோளில் கசவுக் கரை போட்ட வெள்ளை நேரியதோடு முறைத்துக்கொண்டு நின்றாள். வண்டியிலிருந்து இறங்கிய மைனியும் கரை போட்ட வெள்ளைத் துணியைத்தான் தோளைச் சுற்றிப் போட்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே கடையில் எடுத்துக்கொண்டு வந்து சண்டைக்கு நிற்பதைப் போல இருந்தது.

அண்ணன் அந்த நாட்டுத் தலைநகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அம்ஹாரா என்கிற இனத்துப் பெண்ணை, அவளுடைய கோவிலிலேயே வைத்துக் கட்டிக்கொண்டு, பிறகுதான் எங்களுக்குக் கடுதாசி போட்டான். அவளும் எங்களைப் போல ஏசுவைக் கும்பிடும் வேதக்காரிதான், எங்கள் சபை தோன்றுவதற்கு எத்தனையோ நூறு வருஷம் முன்னாலேயே வேதத்துக்கு வந்த ஜனம். அதெல்லாம் அம்மாவிடம் எடுபடவில்லை. இத்தாலிக்காரன் விமானத்திலிருந்து குண்டும் விஷப்புகையும் போட்டு ஊரைப் பிடித்ததும் இரண்டு பேரும் ரயிலேறி, கப்பலேறி, ஏடன், பம்பாய் என்று அலைந்து நாகர்கோவில் வந்து சேர்ந்திருந்தார்கள். அந்தக் களைப்பு தீருவதற்குள் அம்மா அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"பெத்தவளுக்குச் சொல்லாம கெட்டினவளுக்க கையால நான் பச்சத்தண்ணி குடிக்கமாட்டேன். கேட்டியா?"

அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அம்மா சொன்னதுதான் சட்டம். மைனி அடுப்புப் பக்கம் போகக் கூடாது. அம்மா வைப்பாள், நான் விளம்புவேன், மைனி சாப்பிடுவாள். அம்மா அவளோடு பேசுவதே இல்லை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பதினேழு வயது வரை அந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆளே கிடையாது. மைனிக்கு அண்ணன் கற்றுக்கொடுத்த தமிழ் கொஞ்சம் வரும். நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை பச்சை குத்தியிருந்தாள். பொட்டு வைக்கக் கூடாத எங்கள் சபையில் இதைப் பொட்டில் சேர்ப்பதா, சிலுவையில் சேர்ப்பதா என்று பெண்கள் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கோவிலுக்குள் நுழையும்போது அவள் நிலைப்படியை முத்தமிட்டாள். போதகர் பாட்டு நம்பரைத் தப்பாகச் சொன்னார். இதையெல்லாம்விட ஒரு சங்கதி: அவள் ஊர்க் கணக்குப்படி அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதுதானாம். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அப்படியானால் எனக்குப் பத்து வயது. கல்யாணப் பேச்சையே எடுக்க முடியாது. அந்த ஊர்ப் பஞ்சாங்கம் எனக்கு ரொம்பவும் பிடித்துப் போயிற்று.

சாப்பிடும்போது மைனி முதல் கவளத்தை உருட்டி என் வாயில் வைப்பாள். குர்ஷா என்று அதற்குப் பெயர். அவர்கள் ஊரில் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் அப்படித்தான் ஊட்டிக்கொள்வார்களாம். அம்மா பார்த்தால் எச்சில் என்று வீட்டையே கழுவிவிடுவாள் என்பதால் நாங்கள் அடுக்களைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வோம். நான் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தபடி இருப்பேன். வெட்கமே கிடையாது.

நவம்பர் கடைசியில் மைனி நோன்பு பிடித்தாள். இறைச்சி, முட்டை, பால், மோர் எதுவும் தொடக் கூடாது. மீனையும் அவள் விட்டுவிட்டாள். அம்மாவுக்குத் தெரியாமல் அவள் பங்கு மீனெல்லாம் என் தட்டுக்கு வந்தது. முட்டம் கடற்கரையிலிருந்து வந்த மீனை இரட்டைப் பங்கு தின்று எனக்குக் கன்னம் உப்பியது.

கிறிஸ்மஸ் அன்றைக்குத்தான் மாட்டிக்கொண்டோம். ஆராதனை முடிந்து சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பண்டிகை நாளில் அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, என் கையிலிருந்து கரண்டியை வாங்கி, தானே குனிந்து மைனியின் இலையில் நல்ல நெஞ்செலும்பாகப் பார்த்து ஆட்டுக்கறி வைத்தாள். நாலு மாதத்தில் முதல் தடவை. மைனி கண் கலங்கினாள், இரண்டு கையையும் கூப்பினாள், கறியைத் தொடாமல் இலை ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

பந்தி முழுவதும் பார்த்தது. அம்மாவின் முகம் செத்துப் போயிற்று.

"ஏசு பெறந்த அன்னைக்குப் பட்டினி கெடக்கியவள வீட்டுல வச்சிருக்க எனக்கு ஒக்காது."

"அவ கணக்குக்கு ஏசு இன்னும் பெறக்கல்லம்மா," என்றான் அண்ணன். "இன்னும் பதிமூணு நாளு இருக்கு."

அவன் விளக்கம்தான் சொன்னான். நான் சிரித்தேன். அடக்கி அடக்கிப் பார்த்து, மூக்கு வழியாக வெடித்துவிட்டது. என்னைப் பார்த்துப் பந்தியே சிரித்தது. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். மருமகள் ஒதுக்கியது ஒரு பக்கம், மகளே ஆள் கூட்டிச் சிரித்தது ஒரு பக்கம்.

அதோடு அண்ணனுக்கும் ரோஷம் வந்தது. கொழும்பில் ஒரு சிநேகிதனுக்கு எழுதினான். வேலை இருக்கிறது, வா என்று பதிலும் வந்தது. ஜனவரி ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை பஸ்ஸில் ஆரல்வாய்மொழி வழியாகத் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறுவது என்று முடிவாயிற்று. மைனி வெள்ளைத் துணிகளை மடித்து டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். பெட்டி கட்டுவது அவளுக்குப் பழகிப் போயிருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. நான் சிரித்த சிரிப்பில் ஒருத்திக்கு இரண்டாவது தடவையாக வீடு போகிறது.

ஏழாம் தேதி அவளுடைய கிறிஸ்மஸ். அம்மா காலையிலேயே மாதர் ஜெபக்கூட்டத்துக்குப் போய்விடுவாள், மூன்று மணிக்குத்தான் வருவாள். போகிறவள் அவள் பண்டிகையையாவது கொண்டாடிவிட்டுப் போகட்டும் என்று நான்தான் அடுக்களையைத் திறந்துவிட்டேன்.

அவர்கள் ஊர் ஆப்பத்துக்கான தானியம் இங்கே ஏது? கேழ்வரகு மாவை ஆப்ப மாவோடு கலந்து மூன்று நாளாக நெல் போடும் பத்தாயத்துக்குப் பின்னால் ஒளித்துப் புளிக்க வைத்திருந்தோம். மாவு பொங்கி, பானையைத் தாண்டி வழிந்து, எலிப்பொறியை மூழ்கடித்துவிட்டது. அதைக் கல்லில் ஊற்றினால் முறம் அகலத்துக்கு, உடம்பெல்லாம் கண்ணாக, ஒரு ராட்சச ஆப்பம். முதல் இரண்டும் கிழிந்தன. மூன்றாவதை நான் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அடுக்களையைச் சுற்றி ஓடினேன். மைனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வெங்காயம் மட்டும் இரண்டு மணி நேரம் வதங்கியது. மிளகாய், இஞ்சி, வெந்தயம், ஏலம், கோழி, அதற்குள் முழுசு முழுசாக அவித்த முட்டை. தேங்காய் ஒரு கீற்று கிடையாது.

அம்மா ஒரு மணிக்கே வந்துவிட்டாள்.

வாசலிலேயே மணம் பிடித்து நேராக அடுக்களைக்கு வந்தாள். நடுவில் ஒரே தட்டு. அதைச் சுற்றி அண்ணன், மைனி, நான். அம்மா குனிந்து குழம்பைப் பார்த்தாள்.

"இதென்ன எளவு, தேங்கா அரைக்காத கோழிக்கறியா? ஏட்டி, ஒரே தட்டுல மூணு பேரு கைய விட்டு..."

மிச்சத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். மைனி எழுந்து ஒரு கவளத்தை அந்த வாய்க்குள் வைத்துவிட்டாள்.

அவளுக்கு அது மரியாதை. வீட்டுக்குப் பெரியவள் பண்டிகைச் சாப்பாட்டுக்கு வந்து வாயைத் திறந்தால் ஊட்டாமல் இருப்பார்களா? அம்மாவின் நாலு மாதச் சபதம் அந்த வாய்க்குள் மாட்டிக்கொண்டு நின்றது. கீழே துப்பினால் அன்னத்தை அவமதித்த பாவம், விழுங்கினால் சபதம் போச்சு. கண்ணில் நீர் முட்ட மென்றாள். விழுங்கினாள். சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

"எனக்கு ஊட்ட நான் என்ன கைப்பிள்ளையா? இன்னா, நீ தின்னு." கோபத்தில் அம்மா ஒரு துண்டு கிழித்து, கறியில் புரட்டி, மைனியின் வாயில் அடைத்தாள்.

மைனி அப்படியே கீழே உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். வாய் நிறைய ஆப்பத்தோடு தேம்பித் தேம்பி அழுதாள்.

அம்மா பயந்துவிட்டாள். "இவ எதுக்குலே அழுகா? நான் அடிக்கல்லியே."

மைனியே விழுங்கிவிட்டுச் சொன்னாள். "ரயில் புறப்பட்டப்போ ஜன்னல் வழியா எங்க அம்மை ஊட்டினா. பிறகு எந்த அம்மையும் ஊட்டல்ல. எங்க ஊர்ல ஊட்டினா, திருப்பி ஊட்டுவா. திருப்பி ஊட்டினா, சொந்தம்."

"உனக்க அம்மை இப்போ எங்க?"

"தெரியாது, மாமி. கடுதாசி போட்டா திரும்பி வருது."

பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ இம்புட்டு நாளும் அவ கையால வாங்கித் தின்னியாக்கும்?"

"ஆமாம்மா."

"ஒரு நாளாவது திருப்பிக் குடுத்தியா?"

கொடுக்கவில்லை. ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா முண்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு துண்டு கிழித்தாள். எலும்பை எடுத்துவிட்டு முட்டையில் பாதியை வைத்துச் சுருட்டினாள்.

"கறி கொள்ளாம். தேங்கா போட்டா இன்னும் நல்லா இருக்கும்," என்றாள். முதல் தடவையாக மைனியின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "வாயத் தொற, மக்கா."

சனிக்கிழமை பஸ் எங்கள் தெரு முக்கில் நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது. பிறகு போய்விட்டது. டிரங்குப் பெட்டி அப்போது அடுக்களையில் இருந்தது. துணிகளையெல்லாம் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அம்மா அது நிறையக் கேழ்வரகைக் கொட்டி வைத்திருந்தாள்.