திகைப்பூண்டு மிதித்த கால்

எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிற மலையில் இப்போது பாறைக்குப் பாறை மஞ்சள் பெயிண்டில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மெட்ராஸ் பக்கத்துப் பிள்ளைகள் காரில் வந்து இறங்கி, முதுகில் பையும் கையில் கோலுமாக ஏறுகிறார்கள். போன வாரம் ஒரு பெண் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இந்த மலையில் வழி தப்பிப்போகுமா பாட்டி என்று கேட்டாள். புது ஆளிடம் எனக்கு வாய் வராது. தலையை ஆட்டிவைத்தேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை.

அந்த மலையில் ஒரு தடவை வழி தப்பிப்போனவள் நான். அப்போது இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு ஒரே தங்கை. என் அத்தை. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் அவளைக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமான முதல் ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். ஆடி முழுக்கப் புதுப்பெண் தாய்வீட்டில் இருப்பாள், ஆவணி பிறந்ததும் கொண்டுபோய் விடுவார்கள். அதுதான் வழக்கம். ஆவணி பிறந்தது. அத்தை கிளம்புகிற பேச்சையே எடுக்கவில்லை. அம்மா அவளுக்குத் தலை வாரிவிடும்போது இரண்டு பேரும் கிசுகிசுவென்று பேசுவார்கள். நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும். அத்தையின் முதுகில் அங்கங்கே கன்றிப்போயிருந்தது. கேட்டதற்கு, அந்த ஊர்க் கிணற்றுப் படி வழுக்கும் என்றாள். இத்தனை வழுக்குகிற கிணற்றில் மற்றவர்கள் எப்படித் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று யோசித்தேன். அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

வீட்டில் தாத்தா வைத்ததுதான் சட்டம்.

"ஆவணியில பொண்ணு இங்கயே குந்திக்கினு இருந்தா ஊரு இன்னா பேசும்? காலையில இட்டுக்கினு போயி வுட்டுட்டு வா" என்று நைனாவிடம் சொன்னார். நைனா தாத்தாவை எதிர்த்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கும் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தைதான் மெதுவாகச் சொன்னாள்: "பஸ்ஸு வேணாண்ணா. உத்திரமேரூர் போயி ஊரெல்லாம் சுத்தணும். மலை மேலயே பூட்லாம்."

நானும் வருவேன் என்று அழுது அடம் பிடித்தேன். அம்மா எங்களுக்குக் கட்டுச்சோறும், சம்பந்தி வீட்டுக்கு ஒரு கூடை நிறைய அதிரசமும் முறுக்கும் கட்டிக் கொடுத்தாள். "சம்பந்தி வூட்டுப் பண்டம். வழியில கை வெச்சேன்னா தெரியும் சேதி" என்று என்னை மட்டும் தனியாக மிரட்டினாள்.

மலை என்றால் பெரிய மலை இல்லை. ஆனால் எனக்கு அன்றைக்கு அது முடிவே இல்லாமல் இருந்தது. அடிவாரத்து முள்ளுக்காட்டைத் தாண்டிவிட்டால் அப்புறம் எல்லாம் வழவழவென்று கரும்பாறை. மண் இல்லாத இடத்தில் பாதை எப்படித் தெரியும் என்கிறீர்களா? எத்தனையோ காலமாக ஆளும் ஆடும் நடந்து நடந்து, பாறையின் மேல் வெள்ளையாக ஒரு தடம் விழுந்திருந்தது. கழுவிய கரும்பலகையில் சாக்பீஸ் கோடு மிச்சமிருக்குமே, அந்த மாதிரி. நேராகப் பார்த்தால் தெரியாது. கொஞ்சம் கண்ணைச் சுருக்கினால் மேலே மேலே ஓடும். நான் அந்தக் கோட்டைவிட்டு இறங்காமல் நடந்தேன். இறங்கினால் ஆகாயத்தில் விழுந்துவிடுவோம் என்று இருந்தது.

உச்சியில் காற்று வேறு. பாறைக்குக் கீழே யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். மேகம் எங்கள் தலைக்குப் பக்கத்திலேயே போனது. அதன் நிழல் பாறையில் ஊர்ந்து வந்து எங்களை மூடி, அப்புறம் விட்டுவிட்டுப் போனது. அங்கே வெள்ளைத் தடம் இரண்டாகப் பிரிந்தது. அத்தை நின்றாள். ஒன்றைப் பார்த்தாள், இன்னொன்றைப் பார்த்தாள். பிறகு இடது பக்கம் நடந்தாள். நைனா உடனே போகவில்லை. காதிலிருந்த பீடியை எடுத்து, காற்றில் நெருப்புக் குச்சி அணைந்து அணைந்து, கடைசியில் பற்றவைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு சுனை. பாறைக் குழியில் நின்ற தண்ணீருக்குள்ளும் மேகம் போய்க்கொண்டிருந்தது. தட்டான்கள் மேலும் கீழுமாகப் பறந்தன. நான் ஒரு ஆவாரங்கொத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். அதன் பிறகு நடந்தோம், நடந்தோம், அப்படி நடந்தோம். சூடான பாறை, குளிர்ந்த காற்று. நான் தூங்கிக்கொண்டே நடந்தேனோ என்னவோ. முழித்துப் பார்த்தால் எதிரே சுனை. மஞ்சள் பூக்கொத்து மிதந்துகொண்டிருந்தது.

"நைனா, இது நான் வுட்ட பூ."

"இது வேற சுனை."

"பூவு?"

"காத்துல வந்துருக்கும்."

கீழே தூரத்தில் பாதித் தண்ணீரோடு ஒரு ஏரி பளபளவென்று தெரிந்தது. அந்த ஏரி நம்மளுதா, அவங்களுதா என்று கேட்டேன். "மேல இருந்து பாத்தா எல்லா ஏரியும் ஒரே மாதிரிதான் கீது" என்றார் நைனா. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காற்றுக்குக் கண்ணில் தூசு விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

சுனை ஓரத்தில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைச் சாப்பிட்டு முடித்தோம். பிறகு அத்தை செய்த காரியத்தை என்னால் நம்பவே முடியவில்லை. சம்பந்தி வீட்டுக் கூடையின் துணியை அவிழ்த்தாள். ஒரு அதிரசத்தை எடுத்து என் கையில் வைத்தாள். இன்னொன்றை நைனாவுக்கு நீட்டினாள்.

"துன்னுண்ணா."

நைனா வாங்கவில்லை. அந்த ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. எனக்குப் பயம், நைனா அடித்துவிடுவாரோ என்று. வெகுநேரம் கழித்து அவர் வாங்கினார். பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"வெல்லம் தூக்கலா கீது" என்றார்.

அத்தை சிரித்தாள். அந்த ஆடி முழுக்க அவள் சிரித்து நான் பார்த்திருக்கவில்லை. எனக்கு இன்னொரு அதிரசம் கிடைத்தது. அப்புறம் முறுக்கு.

எழுந்து நடக்கும்போது என் உள்ளங்காலில் ஏதோ சுருக்கென்று குத்தியது. அத்தை என் காலை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். "அண்ணா, இவ திகைப்பூண்ட மிதிச்சிட்டா போல கீது."

திகைப்பூண்டு எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் அதை மிதித்தவர்களுக்குத் திக்குத் தெரியாமல் போய்விடும், சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நைனா குனிந்து என் காலைப் பார்த்தார். "அப்பிடித்தான் தெரியுது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நைனா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

பொழுது சாய இறங்கினோம். இறங்கிப் பார்த்தால் எங்கள் ஊர், எங்கள் தெரு. தாத்தா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா இது?"

"மலை சுத்த வுட்டுடுச்சு. பாப்பா திகைப்பூண்ட மிதிச்சிட்டா."

தாத்தா என்னைக் கூப்பிட்டார். "மிதிச்சியாடி?"

காலைத் தூக்கிக் காட்டினேன். முள் குத்திய இடத்தில் சிவப்பாக இருந்தது. தாத்தா அதைப் பார்த்தார். அப்புறம் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கூடை காலியா கீது?"

"பசிச்சிது" என்றார் நைனா.

"மிதிச்சவங்களுக்குப் பசிக்கும்தான்" என்று சொல்லிவிட்டுத் தாத்தா மறுபடி மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புருஷன் வீட்டுக்குப் புறப்பட்ட பெண்ணை மலையே திருப்பி அனுப்பினால், அந்த வழியில் திரும்ப அனுப்புவது ஆகாது என்று தாத்தா தெருவில் எல்லாரிடமும் சொன்னார். கேட்டவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அடுத்த வாரம் நைனா மட்டும் சைக்கிளில் ரோட்டு வழியாகப் போய் அத்தையின் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். அத்தை திரும்பப் போகவே இல்லை.

பெரியவளாகி நானும் அந்த மலையில் ஆடு மேய்த்திருக்கிறேன். உச்சியில் எங்கே நின்றாலும் ஒரு பக்கம் எங்கள் ஏரியும் கோயில் அரசமரமும், இன்னொரு பக்கம் அவர்கள் ஊர்ப் பனந்தோப்பும் பளிச்சென்று தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அங்கே வழி தப்பாது. நைனாவும் அத்தையும் சின்ன வயசு முழுக்க அங்கேதான் ஆடு ஓட்டியிருக்கிறார்கள். தாத்தாவும்தான்.

ஆனால் அந்த வயதில் இதெல்லாம் தெரியுமா? என் கால்தான் அத்தையின் வாழ்க்கையைக் கெடுத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளைக் கண்டாலே காலை மடக்கிப் பாவாடைக்குள் வைத்துக்கொள்வேன். வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லுக்கு அவள் வேலைக்குப் போனாள். தலையெல்லாம் உமித்தூசோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். முதல் கூலி வாங்கிய அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நான் ஒளித்துவைத்த காலை வெளியே இழுத்தாள். மடியிலிருந்து ஒரு ஜோடி கொலுசை எடுத்துப் பூட்டினாள். பூட்டிவிட்டு, இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இத்தனை கெடுதல் செய்த காலுக்குப் போய்க் கொலுசு போடுகிறாளே, அத்தைக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது.