பொய்க்கு மெய்ப்புப் பார்த்தவர்

பதிப்பகத்தில் அவரைச் சல்லடை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் படித்துப் பிழை பிடிப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக ஜன்னலோர மேசை, சிவப்புப் பேனா, கண்ணாடிக்குமேல் இன்னொரு பூதக்கண்ணாடி. ஒரு துப்பறியும் கதையில் ஆறாம் பக்கத்தில் இடது கை ஒடிந்தவன், நாற்பதாம் பக்கத்தில் அதே கையால் சுவர் ஏறிக் குதித்ததை அவர்தான் பிடித்தார். எழுதியவருக்கே அது தெரியாது.

ஒருநாள் புது மாதிரி நாவல் ஒன்று மேசைக்கு வந்தது. பூட்டு ரிப்பேர் செய்யும் ஒரு கிழவர் தன் கதையைத் தானே சொல்கிறார். முதல் அத்தியாயத்தில், வீட்டுக்கு ஒரே பிள்ளை என்கிறார். மூன்றாவதில் தங்கைக்குச் சடை பின்னிவிடுகிறார். ஏழாவதில் வாசகரை நேராகப் பார்த்து, ‘இதை எழுதுகிற ஆளுக்கு என் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது, நம்பாதீர்கள்’ என்று புகார் வேறு.

அக்காவுக்குத் தலை சுற்றியது. அறுபத்தோரு இடத்தில் கேள்விக்குறி போட்டு, முதல் பக்க ஓரத்தில் ‘தங்கை உண்டா, இல்லையா? முடிவு செய்யவும்’ என்று எழுதி அனுப்பினார்.

மூன்றாம் நாள் எழுத்தாளரே வந்து நின்றார். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் இளம் டீச்சர்.

“அக்கா, இதெல்லாம் என் பிழை இல்ல. அந்த ஆளு பொய் சொல்றாரு.”

“யாரு?”

“பூட்டுக்காரரு.”

“அவரை எழுதினது நீதானேம்மா?”

“எழுதினது நான். பொய் சொல்றது அவரு.”

அக்கா பேனாவை மூடி வைத்தார். “படிக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க?”

டீச்சர் சிரித்துவிட்டார். “என்ன பொய்னு பாக்காதீங்கக்கா. எந்த இடம் வரும்போது பொய் சொல்றாருன்னு பாருங்க. எதை மறைக்கிறாருன்னு தெரிஞ்சிடும்.”

அரை மனதோடு அக்கா நாவலின் தாள்கட்டை வீட்டுக்கு எடுத்துப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் புது மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆள் கிடைத்தால் விடமாட்டார். சாப்பாடு முடிந்ததும், மனைவியை முதன்முதலாகப் பார்த்த கதையை மாப்பிள்ளைக்கு எடுத்துவிட்டார்.

“அன்னிக்குப் பிடிச்சுது பாருங்க மாப்பிள்ளை ஒரு மழை! உங்க அத்தை தொப்பலா நனைஞ்சு வந்து என் பஸ்ல ஏறினாங்க…”

‘மழையே இல்லை, நல்ல வெயில்’ என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தார். முப்பது வருடமாக அதைத்தான் சொல்லி வருகிறார். கணவரும் ஒவ்வொரு தடவையும் ஒன்றை மாற்றுவார். ஒருமுறை புழுதிக் காற்று அடித்தது, கண்ணெல்லாம் சிவந்துவிட்டது என்றார். இன்னொருமுறை பஸ்ஸில் யாரோ சொன்ன ஜோக்குக்கு இவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள் என்றார்.

மழை. புழுதி. சிரிப்பு. திறந்த வாயை அக்கா மூடிக்கொண்டார்.

நடந்தது இதுதான். அன்று காலை அக்காவை அவருடைய முதல் வேலையிலிருந்து துரத்தியிருந்தார்கள். ஒரு நாளிதழின் இரங்கல் விளம்பரத்தில் இறந்தவர் பெயரும் வருந்துகிற தம்பியின் பெயரும் இடம் மாறியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. உயிரோடிருந்த தம்பி நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கி, கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி, கடைசி இருக்கையில் உட்கார்ந்து அழுதுகொண்டே போனார். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியும் அவர் எழுந்திருக்கவில்லை. டிரைவர் பின்னால் வந்து பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. “அடுத்த டிரிப்பும் வர்றீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய் வண்டியை எடுத்தார்.

மாப்பிள்ளை கைகழுவப் போனபோது அக்கா மெல்லக் கேட்டார். “ஏங்க, மழைன்னு ஏன் சொல்றீங்க?”

“பின்னே? நீ அழுததை ஊருக்கெல்லாம் தண்டோரா போடணுமா?”

“நான் பாட்டுக்கு வெயிலு வெயிலுன்னு திருத்திட்டே இருந்தேனே…”

“நீ திருத்து. உனக்கு அதுதானே வேலை. எங்கிட்ட கதைக்கா பஞ்சம்?”

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மகள் பார்ப்பதற்குள் தட்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து நாவலை மறுபடி படித்தார். தங்கை பேச்சு வரும்போதெல்லாம் பூட்டுக்காரர் எதையாவது மாற்றிச் சொன்னார். அவளை வீட்டைவிட்டுத் துரத்தியதே அவர்தான் என்பது மெல்லப் பிடிபட்டது. பழைய கேள்விக்குறிகள் அறுபத்தொன்றையும் அடித்துவிட்டு, ஒன்பதாம் அத்தியாயத்தில் புதிதாக ஒன்றே ஒன்று போட்டார்: ‘தங்கையின் அறைச் சாவி இன்னும் தன் இடுப்பில் இருப்பதாக இங்கே சொல்லிவிடுகிறார். இந்த ஆள் இதைச் சொல்லமாட்டாரே?’

டீச்சர் அதைப் படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயோ, இது அவரு இல்லக்கா. நான் உளறினது!”

அந்த வரி போயிற்று. புத்தகம் வந்தது, விற்பனை சுமார்தான். பிழைகள் மலிந்த நூல் என்று கோபக் கடிதங்கள் வந்தன. முதலாளி அவற்றை அக்காவின் தலையில் கட்டினார். அக்கா ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் எழுதினார். முப்பத்தெட்டுப் பிழைகளைப் பட்டியல் போட்டு அனுப்பியிருந்த ஒரு போஸ்ட்மாஸ்டருக்கு மட்டும் மூன்று பக்கம்.

பத்தே நாளில் அவரிடமிருந்து கார்டு வந்தது. ‘அம்மா, தங்கள் விளக்கம் அருமை. முப்பத்தெட்டையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் 212ஆம் பக்கம் நான்காம் வரியில் ஒரு “க்” விட்டுப்போயிருக்கிறது. அதுவும் பூட்டுக்காரர் வேலைதானா?’

இரண்டு நாள் அக்காவுக்குச் சோறே இறங்கவில்லை.